கலண்டர் அண்ணை வைத்த தீபாவளிகள்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்து போயிருக்கின்றன. ஆனால் தீபாவளியையே கயிறு கட்டி இழுத்து, தனக்கு வசதியான மாதத்தில் கொண்டுவந்து நிறுத்திய மனிதர் அந்த ஊரில் ஒருவர்தான். அவர் எங்கள் கலண்டர் அண்ணை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்லுவார். ஒருமுறை படகு எஞ்சினின் விசிறி கையைக் கீறி, நான் தாதியாக வேலை செய்த வார்டுக்கே வந்து சேர்ந்தார். அப்போது நான் அவருடைய வீட்டின் பக்கவாட்டு அறைகள் இரண்டில் வாடகைக்கு இருந்தேன். பதிவுப் புத்தகத்தை விரித்து, "அண்ணை, உங்கட பேர்?" என்றேன். அவர் காயப்படாத கையால் தலையைச் சொறிந்தார்.

"கலண்டர் எண்டே போடுங்கோவன் தங்கச்சி. மற்றப் பேரைப் போட்டா என்னைத் தேடி வாறவைக்கு ஆரெண்டு விளங்காது."

வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டில் போட்டு, மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைத் திருத்துவது அவர் தொழில். கொட்டிலின் சுவர் முழுக்கக் கலண்டர்கள், கடைக்காரர் வருடா வருடம் கொடுத்தவை. அவற்றில் சிவப்பு மையில் அச்சடித்த நாட்களை அண்ணை திரும்பியும் பார்க்க மாட்டார். அவருடைய பெருநாட்களை அவரே குறிப்பார், கிறீஸ் பூசிய பெருவிரலால். எந்த நாளில் கறுப்பாக ரேகை விழுந்திருக்கிறதோ அன்று அந்த வீட்டில் பொங்கல் அல்லது தீபாவளி அல்லது வருடப் பிறப்பு.

காரணம் இதுதான். மகன் கட்டாரில், மகள் கனடாவில். மகனுக்கு ஜூனில்தான் லீவு. மகளுக்கு ஓகஸ்டில்தான் பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறை. தைப் பொங்கலுக்கும் ஐப்பசித் தீபாவளிக்கும் அண்ணையும் அவர் மனைவியான எங்கள் அக்காவும் தனியே இருந்து, இரண்டு பேருக்கு நாற்பது முறுக்குச் சுட்டு, ஒரு மாதத்துக்கு அதையே கடித்துக்கொண்டிருந்தார்களாம். பிள்ளைகள் போன மூன்றாம் வருடம் அண்ணை அறிவித்தார்:

"பிள்ளையள் இல்லாத நாளில என்ன பெருநாள்? அது சும்மா கடை பூட்டுற நாள். இனி இந்த வீட்டில நாள் வைக்கிறது நான்."

நான் குடிவந்த வருடம் பார்த்த முதல் பெருநாள், ஜூன் மாதத் தைப் பொங்கல். எங்கள் பக்கத்தில் ஜூன் என்றால் கச்சான் காற்று. தலைமயிரைப் பிடுங்குகிற மாதிரி நாள் முழுக்க அடிக்கும். அண்ணை முற்றத்தில் மூன்று கல் வைத்து, பானையை ஏற்றி, அடுப்பை மூட்டினார். பானை இருந்த இடத்தில் இருந்தது. நெருப்பு மட்டும் வேலியைத் தாண்டிப் பக்கத்து வளவுக்குப் போனது.

பக்கத்து வளவு ஹமீது நானாவுடையது. கிண்ணியாக்காரர், கடற்தொழில் செய்பவர். அண்ணையின் நிரந்தர வாடிக்கையாளர். அவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அண்ணன், உங்கட பொங்கல் இங்கால வந்திரிக்கி. என்ட சாரம் கொடியில காயுது, அத எரிச்சிராதீங்க" என்றார்.

உடனே அண்ணை கொட்டிலிலிருந்து எஞ்சின் மூடிகளையும் தகரத் துண்டுகளையும் கொண்டுவந்து பானையைச் சுற்றி அடைத்தார். இப்போது காற்றும் உள்ளே போகவில்லை, எங்கள் கண்ணும் போகவில்லை.

"பொங்கிற்றுதோ?" என்று அக்கா கேட்டா.

"சத்தத்தைக் கேளுங்கோ" என்றார் அண்ணை. எல்லோரும் குனிந்து காதைக் கொடுத்தோம். கட்டாரிலிருந்து வந்த மகன் மட்டும் கேட்காமலே "பொங்கலோ பொங்கல்" என்று கத்திவிட்டார். வெய்யிலில் நின்று வேலை செய்து பழகிய அந்தப் பிள்ளைக்கே வெய்யில் தாங்கவில்லை.

கரும்புதான் பெரிய சிக்கல். ஒரு காலத்தில் சீனி ஆலை இருந்த ஊரில் கரும்பு இல்லாமல் போகுமா என்று அண்ணை பொங்கலுக்கு முதல் நாள் மோட்டார் சைக்கிளில் கந்தளாய்க்குப் போனார். பின்னேரம் மூங்கிலோடு திரும்பி வந்தார். அதற்குப் படகுக்கு அடிக்கிற பெயின்ற்றில் ஊதா நிறம் கலந்து அடித்து, கணுக்களில் வெள்ளைக் கோடும் போட்டு வாசலில் கட்டினார். சத்தியமாகக் கரும்பேதான். அக்காவின் தமையன் கிளிவெட்டியிலிருந்து வந்திருந்தார், நெல் விதைக்கிற மனிதர், எழுபது வயதிருக்கும். யாரும் கவனிக்காத நேரத்தில் ஒரு துண்டை முறித்து, பல்லால் உரிக்கப் பார்த்திருக்கிறார்.

அவருடைய பல் செட் மூங்கிலில் நின்றுவிட்டது.

அண்ணை பதறவில்லை. குறடு எடுத்து வந்து பல் செட்டை மெதுவாகக் கழற்றி, பெற்றோலில் ஊதா நிறத்தைத் துடைத்துக் கையில் கொடுத்தார். "மச்சான், இது பாக்கிற கரும்பு. தின்னுற கரும்பு தையிலதான் வரும்."

ஓகஸ்ட் மாதம் மகள் இரண்டு பிள்ளைகளோடு கனடாவிலிருந்து இறங்கினா. தீபாவளி குறித்தாயிற்று. அன்று நான் இரவு வேலை முடித்து விடிய ஐந்தரைக்குக் கேற்றைத் திறக்கிறேன், அண்ணை எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறார்.

"தலையைக் குனியுங்கோ தங்கச்சி."

"அண்ணை, நான் யூனிபோமோட நிக்கிறன்!"

"அதுக்கென்ன, தலை உங்கடதானே."

எண்ணெய் வடியக் குசினிப் பக்கம் போனேன். அங்கே இரண்டு கனடாப் பிள்ளைகளும் பொரிப்பதற்குத் தயாரான வடைகள் மாதிரிப் பளபளவென்று வரிசையாக நின்றார்கள். அடுத்த நிமிடம் சீனவெடி வெடித்தது. போன வருடத்து வெடியை அரிசி மா வாளிக்குள் வைத்து ஒன்பது மாதம் காப்பாற்றியிருக்கிறார். வாசலுக்கு முன்னாலுள்ள ஒழுங்கை முழுக்க மா மணத்தோடு புகை.

நானா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணன், தீபாவளி திரும்பவும் வந்திட்டா?"

"வரேல்லை நானா, நான் கூட்டிக்கொண்டு வந்தனான். உங்கட பெருநாளையும் ஒருக்கா இப்பிடி வைப்பமே? உங்கட மகனுக்கும் சவூதியில லீவு கிடைக்குதில்லைத்தானே."

"எங்களுக்குப் பிறை வேணும் அண்ணன். நீங்க எஞ்சினப் பூட்டுற மாதிரிப் பிறையப் பூட்ட ஏலாது."

தன்னால் நகர்த்த முடியாத அந்த ஒரேயொரு பெருநாளுக்கு அண்ணை கொடுத்த மரியாதை பெரிது. அன்று கொட்டிலைப் பூட்டி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, நானா வீட்டில் அவிக்கிற வட்டிலப்ப இனிப்புக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார்.

வெடிச் சத்தத்துக்கு நானா மட்டும் வரவில்லை. பொலிஸும் வந்தது. ஒரு சார்ஜன், குருநாகல் பக்கத்துச் சிங்களவர், தெரிந்த தமிழில் நிதானமாகக் கேட்டார். "ஐயா, இங்க என்ன சத்தம்?"

"தீபாவளி சேர்."

சார்ஜன் போனை எடுத்துப் பார்த்தார். "தீபாவளி நவம்பர்தானே?"

"அது அரசாங்கத்துக்கு சேர். எங்கட வீட்டுக்கு இண்டைக்கு."

"ஏன்?"

அண்ணை மகளைக் காட்டினார். பேரப்பிள்ளைகளைக் காட்டினார். சார்ஜன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். அக்கா முறுக்கும் பயத்தம் உருண்டையும் வைத்தா. அவர் நாலு முறுக்கை முடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஐயா, சிங்களப் புத்தாண்டு ஒக்டோபரில வைக்க ஏலுமா? எனக்கு ஏப்ரலில எப்பவும் டியூட்டி."

கலண்டரில் உடனே பெருவிரல் விழுந்தது. அந்த ஒக்டோபரில் சார்ஜனின் மனைவியும் சின்ன மகளும் பஸ் ஏறி வந்தார்கள். எங்கள் முற்றத்தில் பாற்சோறும் கொக்கீஸ் பலகாரமும். மாமரத்தில் ஊஞ்சல். சுபநேரம் எத்தனை மணி என்று சார்ஜனின் மனைவி கேட்டதற்கு அண்ணை தன் மணிக்கூட்டைப் பார்த்து, "நீங்கள் சேலை மாத்தி முடிய" என்றார்.

இரண்டு வருடம் கழித்துத்தான் அண்ணையின் கலண்டர் முதன்முறை பிழை விட்டது.

மகளுக்கு வேலை மாறி, ஓகஸ்ட் போய், டிசம்பர் என்றாயிற்று. டிசம்பர் எங்களுக்கு மாரி. அண்ணை அசரவில்லை. முற்றம் முழுக்கத் தறப்பாள் இழுத்துக் கட்டினார். ஒழுங்கை முழுவதற்கும் சொல்லியாயிற்று. அக்கா இரண்டு கிழமை பலகாரம் சுட்டா. பேரப்பிள்ளைகளுக்கு எடுத்த உடுப்பைக் கதிரையில் விரித்து, அளவு சரியா என்று அண்ணை தன் நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மூத்த பேரனுக்கு அம்மாள் வருத்தம், உடம்பு முழுக்கக் கொப்புளம். பயணம் இல்லை. இனி அடுத்த வருடம்தான்.

"சரி பிள்ளை. பெடியனைப் பாருங்கோ. நாங்கள் சுகமா இருக்கிறம்" என்றார் அண்ணை. போனை வைத்தார். உடுப்பை மடித்தார். கொட்டிலுக்குள் போய் ஓர் எஞ்சினைக் கழற்றத் தொடங்கினார்.

நாலாம் நாள் அக்கா என்னிடம் வந்தா. "தங்கச்சி, அந்த ஒரே எஞ்சினைத்தான் கழட்டிக் கழட்டிப் பூட்டுறார். சாப்பாடும் கொட்டிலுக்கத்தான். கதையும் இல்லை."

அவவுக்குப் பின்னாலேயே ஹமீது நானாவும் வந்தார். தாதிமாரை ஊரில் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். "மிஸ், அது என்ட எஞ்சின். அதில ஒரு பிழையுமில்ல, ஒயில் மாத்தத்தான் குடுத்தேன். நாலு நாளா நான் கடலுக்குப் போகல்ல. கேக்கப் போனா அந்த முகத்தப் பாத்திட்டுத் திரும்பி வாறன். அந்த மனிசனுக்கு ஒரு பெருநாள் வேணும். ஆருக்காவது லீவு இரிக்கா?"

நான் யோசித்தேன். வார்டில் பெருநாள் அன்றைக்கு லீவு கேட்க முதலுரிமை பிள்ளைக்காரருக்கு. தனி ஆளான நான் ஆறு வருடமாக எல்லாத் தீபாவளிக்கும் டியூட்டியில்தான் நின்றேன். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. குறைந்தபட்சம், நினைக்காத மாதிரி இருந்தேன். கொட்டிலுக்குப் போனேன். அண்ணை நிலத்தில் இருந்தார், சுற்றிவர நூறு துண்டுகள்.

"அண்ணை, நான் ஆறு வருஷமா என்ர தீபாவளி எண்டு ஒண்டு கொண்டாடேல்லை. உங்கட பிள்ளையளின்ர தீபாவளிக்குத்தான் எண்ணெய் வச்சனான்."

அவர் நிமிரவில்லை.

"வாற புதன் எனக்கு ஓஃப்."

கையிலிருந்த ஸ்பானர் நின்றது. பிறகு, "முழு நாளுமோ, அரை நாளோ?"

"முழு நாளும்."

"முதலே சொல்லியிருக்கலாமே தங்கச்சி!" அண்ணைக்குக் கோபமே வந்துவிட்டது. எழுந்து போய்க் கலண்டரில் பெருவிரலை வைத்து, கறுப்பு ரேகை தாளில் நன்றாக இறங்கும்வரை அழுத்தினார்.

புதன்கிழமை ஒழுங்கை முழுக்க வந்தது. சார்ஜன் சீருடை இல்லாமல் வந்தார். ஒரே ஒரு குறை, வெடி எல்லாம் மழைக்கு நமுத்துப் போயிருந்தது. வெடியில்லாத தீபாவளியைத் தங்கச்சிக்குக் கொடுப்பதா? அண்ணை யாருக்கும் சொல்லாமல் சீனவெடிக் கட்டைக் குசினிக்குக் கொண்டுபோய், அடுப்புக்குப் பக்கத்தில் சூட்டில் வைத்திருக்கிறார். பயத்தம் உருண்டைத் தட்டுக்கு நேர் கீழே.

வெடி நன்றாகக் காய்ந்தது என்பதைக் குசினியே எங்களுக்கு அறிவித்தது. யாருக்கும் காயமில்லை. இரண்டு கூரை ஓடு போனது. பயத்தம் உருண்டைகளில் பாதி கூரைச் சலாகையில் ஒட்டிக்கொண்டது. சார்ஜன் பழக்கத்தில் மேசைக்குக் கீழே போய்விட்டார். நானா, "அண்ணன், உசிரோட இரிக்கீங்களா?" என்று கத்திக்கொண்டே ஓடினார். புகைக்குள்ளிருந்து முகமெல்லாம் கரியாக, புருவம் பாதி கருகி, அண்ணை வெளியே வந்தார். அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து வீடியோ அழைப்பு.

"ஐயோ அப்பா! என்ன நடந்தது?"

"தீபாவளி பிள்ளை!" என்றார் அண்ணை, பல் மட்டும் வெள்ளையாக. "எங்கட மிஸ்ஸின்ர தீபாவளி!"

மகள் சிரித்தா. சிரித்துச் சிரித்து, பிறகு அழுதா. கொப்புளம் ஆறுகிற பேரன் திரைக்குள் முகத்தை நுழைத்து, தாத்தா இன்னொரு முறை வெடிக்க வைப்பாரா என்று கேட்டான். அக்கா உறுதியாக "ஏலாது" என்றா.

போன வருடம் எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. சென்ற கிழமை அண்ணையிடமிருந்து போன். சுகம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

"தங்கச்சி, இந்த வருஷத்துத் தீபாவளி இன்னும் வைக்கேல்லை. உங்களுக்கு எப்ப லீவு?"

"அண்ணை, மார்ச் வரைக்கும் ஏலாது."

"அப்ப மார்ச்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நேற்று லீவு விண்ணப்பம் நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் சுகயீனம், சொந்த அலுவல் என்று எதையாவது எழுதியிருக்கலாம். நான் 'தீபாவளிக்கு வீட்டுக்குப் போகிறேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.