வம்சம் கொடுத்த தர்ப்பணம்

புதுச்சேரியிலேயே ஒரு நாவலை முழுசாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் 'வம்சம்'தான்.

பிறப்புப் பதிவு ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பவர்கள், தாத்தா பிறந்ததற்குச் சான்று தேடி விடிந்ததும் வாசலில் வந்து நின்ற வருஷம் அது. பழைய ரிஜிஸ்தர்களைத் தூக்கித் தூக்கி என் முதுகு ஒடிந்து போயிருந்தது. அவர் அநாதை விடுதியில் வளர்ந்தவர். ஊரார் தாத்தாக்களை எல்லாம் தேடிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் நாவலைப் பிரிப்பார்.

தஞ்சாவூர் அரண்மனையில் வீணை வாசித்த ஒரு குடும்பத்தின் கதை அது. முதல் தடவை கதையாகத்தான் படித்தார். இரண்டாம் தடவை, "இந்தச் சொக்கலிங்கத்துக்கும் எனக்கும் ஒரே மூக்கு" என்றார்.

"புஸ்தகத்துல படமே இல்லையே?"

"லேசா வளைஞ்ச மூக்குன்னு எழுதியிருக்குதே."

அப்புறம் பாட ஆரம்பித்தார். விரல்கள் மேஜை விளிம்பில் வீணை மீட்டும். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் நாளைக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். எங்கள் பெரிய அதிகாரி வந்து, பிரெஞ்சு மரியாதையோடு, "முசியே, உங்க வம்சத்துல குரல் கிடையாதா?" என்று கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நாங்க வாத்தியக்காரங்க முசியே. வாய்ப்பாட்டு இல்ல."

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் என்னிடம் வந்தார். "நாளைக்குத் தர்ப்பணம் குடுக்கப் போறேன். கூட வரியா? தனியாப் போக என்னமோ மாதிரி இருக்குது."

மறுநாள் ஞாயிறு. தூங்கலாம் என்றிருந்தேன். மறுத்துப் பேசவும் தெம்பில்லாமல் போனேன்.

கடற்கரையில் ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். மூன்றும் நாவலிலிருந்து வந்தன.

"அப்பா எப்ப தவறினார்?"

"மராட்டிய ராஜா காலத்துல சாமி. சபையில வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே."

ஐயர் எள்ளும் கையுமாக என்னைப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது, விளக்க ஆரம்பித்தால் மதியம் ஆகிவிடும்.

"அவர் சொல்ற மாதிரியே செய்ங்க சாமி" என்றேன்.

'அப்பா சொக்கலிங்கம்' என்று ஐயர் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னார். 'அப்பா' என்ற சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கையிலிருந்த தண்ணீர் தானாகவே வழிந்தது.

எல்லாம் முடிந்ததும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஐயர் என்னைக் கேட்டார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"தம்பி" என்றேன்.