செலக்‌ஷன்காரரும் பக்திப் பாட்டும்

பக்திப் பாட்டு எது, வெறும் பாட்டு எது என்று இந்த உலகத்தில் திட்டவட்டமாகத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் செலக்‌ஷன்காரர்தான். மற்ற வித்துவான்கள் எல்லாம் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பட்டணத்தில் ரேடியோ நிலையம் ஆரம்பித்த புதிதில், பஞ்சாயத்து போர்டார் பார்க்கில் ஒரு பெட்டி வைத்தார்கள். காதல் பாட்டால் ஊர் கெடுகிறதென்று புகார் வரவே, இனிமேல் பக்திப் பாட்டு மட்டும்தான் என்று பிரசிடெண்ட் உத்தரவு போட்டார். பிடித்தது சனி! கிளியைத் தூதுவிடும் பெண் முருகனை நினைத்து உருகுகிறாளா, எதிர்வீட்டுக்காரனை நினைத்தா? வெறும் நாகசுரத்தில் சாமி பேரே இல்லையே, அது எதில் சேர்த்தி? கமிட்டி கூடிக் கூடி வெற்றிலை தீர்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் செலக்‌ஷன்காரரையே ரேடியோவுக்குக் காவல் வைத்தார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் ஆட்டுத்தோலை ஒரே தடவலில் முதல் தரம், ரெண்டாம் தரம், கழிவு என்று பிரிக்கிற 'செலக்‌ஷன்' வேலை பார்த்தவர். விரல் மரத்துப்போனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பார்க் வேலைதான் அவருக்குச் சோறும் சொந்தமும்.

"எந்த சாமி பாட்டுன்னு பாக்க மாட்டியா?" என்று அவருடைய சிநேகிதர் கரீம் பாய் கேட்டார்.

"தோலப் பிரிக்கும்போது ஆடு எந்தத் தெருவுதுன்னு கேட்டேனா பாய்? கேக்குறவன் கண்ணு தன்னால மூடணும். மூடினா பக்தி. மூடலியா, கழிவு!"

கேட்க வேண்டுமா! காதல் பாட்டு வந்தால் போதும், பார்க் முழுக்கக் கண்ணை இறுக மூடிக்கொண்டோம். "முதல் தரம்!" என்று பெட்டியைத் தட்டிக்கொடுப்பார். நிஜமான தோத்திரப் பாட்டு வரும்போது சுண்டலைப் பார்த்துத் தின்றுகொண்டிருப்போம். "கழிவு!" என்று படக்கென நிறுத்திவிடுவார். பஜனை கோஷ்டி கொதித்தெழுந்து புகார் கொடுத்தது. "இன்னொரு தப்பு நடந்தா உன் வேலை போய்டும்" என்றார் பிரசிடெண்ட்.

அடுத்த வாரம் அவரே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரேடியோவில் ஒரு அம்மாள் தாலாட்டு பாடினாள். அதில் சாமியும் இல்லை, பூதமும் இல்லை. ஒரு தாயும் அழுகிற பிள்ளையும்தான்.

"இன்னாய்யா இது, பக்தியா? நிறுத்து!"

பிரசிடெண்டுக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தோம். செலக்‌ஷன்காரர் ஒருவருக்குத்தான் கண் மூடியிருந்தது. கன்னமெல்லாம் ஈரம்.

"நிறுத்துறியா, வேலைய விட்டுட்றியா?"

"பாட்டு முடியட்டுங்க. அப்பால வேலைய எடுத்துக்குங்க."

பாட்டு முடிந்தது. பெட்டியைத் துண்டால் துடைத்து மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். 

மறுநாள் புது ஆள் பார்க்கில் சுத்தமான பக்திப் பாட்டாக வைத்தான். கேட்கத்தான் ஒரு ஈ காக்கை இல்லை. நாங்கள் எல்லோரும், புகார் கொடுத்த பஜனை கோஷ்டி உட்பட, செலக்‌ஷன்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

"இன்னாடா பேஜார் இது! இங்க ரேடியோகூட இல்லியே, எதுக்கு வந்தீங்க?" என்றார்.

"ரேடியோ கெடக்குது வுடு. நீ இல்லாம அங்க உக்காரவே முடியல, தோஸ்த்" என்றார் கரீம் பாய்.