அழிக்காத மென்பொருளும் அத்தையின் குரலும்

குறைவாகப் பேசுகிறவர்கள் யோசித்துப் பேசுவார்கள் என்றொரு நம்பிக்கை உலகத்தில் இருக்கிறது. அந்த நம்பிக்கையால் நெடுங்காலம் ஆதாயம் அடைந்தவள் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆம்பூரிலிருந்து ரயிலேறி வேலூருக்குப் போய் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்த நாள்களில், நான் வாய் திறந்தால் வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பார்கள். (காரணம் மரியாதை அல்ல, ஆச்சரியம்.) கணினியில் இசை செய்ய எந்த மென்பொருள் நல்லது என்று டேனியல் அண்ணன் என்னிடம் வந்து கேட்டதற்கும் அந்த நம்பிக்கையே காரணம்.

பெரியப்பா மகனான அவருக்குக் காலணித் தொழிற்சாலையின் டிசைன் பிரிவில் வேலை. பகலெல்லாம் கணினித் திரையில் ஷூவின் மேல்தோலை வரைவார். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு கணினியில் பாட்டுச் செய்வார். வாசிக்க ஆளே இல்லாமல் அதிலிருந்து டிரம்ஸும் வயலினும் வரும். என் அக்கா கிரேஸுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அவள் ஆலயத்துக்குள் நடந்து வருவதற்கான இசையைத் தாமே செய்து தருவதாக அறிவித்தார்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர்களே அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்களாம்.

"ஆர்கன் இருக்கச்சொல்லோ கம்ப்யூட்டர் எதுக்கு? பாதியில நின்னுபோச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்.

அக்காவின் முகம் வாடியது. அதைப் பார்த்த கணத்தில், "நான் பொறுப்பு அத்தை" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது என்று தெரிந்ததும் எல்லாரையும்விட அதிகமாக அதிர்ந்தவள் நான்தான்.

இனி அண்ணனின் கேள்வி. அவரிடம் இரண்டு மென்பொருள்கள் இருந்தன. முதலாவது எளியது, பதிவில் வேண்டாத பகுதியை வெட்டினால் அது அத்தோடு ஒழிந்தது. இரண்டாவது கனமானது; வெட்டிய பகுதியைத் திரையில் மறைக்குமே தவிர அழிக்காது. பதிவு செய்த அனைத்தும் ஒரு ஃபோல்டரில் அப்படியே கிடக்கும்.

"எனக்கு மொதல்துதான் ஓகே. வேணாத பேட்டர்ன ஃபேக்டரில கிழிச்சுப் போட்டுட்டுப் போய்ட்டே இருப்போம். நீ இன்னா சொல்ற?" என்றார் அண்ணன்.

அந்தப் பருவத்தில் எனக்குச் சுவடிப் பதிப்பியல் பாடம். பழைய ஏடுகளில் பிழையென்று தோன்றுவதைக்கூடப் பதிப்பாசிரியர் நீக்கக் கூடாது, பாடபேதமாக அடிக்குறிப்பில் காக்க வேண்டும் என்று படித்து, உலகையே அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மென்பொருள்களையும் ஒப்பிட்டு நான்கு பக்கக் கட்டுரை எழுதினேன். (இரண்டில் ஒன்றையும் நான் திறந்து பார்த்ததில்லை.) "மூலத்தை அழிக்கும் கருவி நாகரிகமற்றது" என்பது அதன் முடிவுரை. அண்ணன் அதை மரியாதையோடு படித்தார். பாதி புரியாததால் முழுவதையும் ஒப்புக்கொண்டார்.

பதிவு அவருடைய அறையில் நடந்தது. வெளிச்சத்தம் வராமலிருக்க, கழித்துப்போட்ட லைனிங் தோல்களைச் சுவரெங்கும் ஆணியடித்திருந்தார். உள்ளே போனால் ஷூவுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். இசை தொடங்குமுன் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீத வசனத்தை வாசிக்க வேண்டும். உச்சரிப்புக்காக என்னைப் பிடித்துப்போட்டார். அக்கா துணைக்கு வந்தாள். முதல்முறை வாசித்ததே நன்றாக அமைந்தது. ஆயினும் எனக்கு நிறைவு வராமல் இன்னும் ஏழு முறை வாசித்தேன். இடையிடையே ஏதேதோ பேசிச் சிரித்தோம். அண்ணன் பிறகு முதல் வாசிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிட்டார். அதாவது, நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மென்பொருளில், மறைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் தொழிற்சாலையில் ஏற்றுமதி அவசரம். அண்ணனால் வர முடியவில்லை. "எல்லாம் ரெடி. ஃபோல்டர்லருந்து சிடில ஏத்திக்கோ, அவ்ளோதான்" என்று போனில் சொல்லிவிட்டார். ஃபோல்டரில் ஒன்று சிறியதும் ஒன்று பெரியதுமாக இரண்டு கோப்புகள் இருந்தன. முழுமையான பாட்டு பெரிதாகத்தானே இருக்கும்? பெரியதை ஏற்றினேன். நான் பொறுப்பானவள் என்பதால் சோதித்தும் பார்த்தேன். வசனம் துல்லியமாக ஒலித்தது. அடுத்து இசை வரும் என்று திருப்தியோடு நிறுத்தினேன். முன்னுரையை மட்டும் படித்துவிட்டு நூலைப் புகழ்கிறவர்களை நான் அதுவரை வெகுவாக இகழ்ந்து வந்திருந்தேன்.

மறுநாள் காலை ஆலயம் நிறைந்திருந்தது. அத்தை முதல் வரிசையில் பட்டுப்புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மைக்செட்காரர், "பொண்ணு வந்துச்சும்மா, போடு" என்று சொல்லிவிட்டு வாசற்பக்கம் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார். நான் பொத்தானை அழுத்தினேன்.

வசனம் முடிந்தது. தலையில் நெட் முக்காட்டோடு அக்கா அப்பாவின் கையைப் பிடித்து அடியெடுத்து வைத்தாள். இசைக்காகச் சபை எழுந்து நின்றது.

"ஏய், அத்தை மாதிரி பேசிக் காட்டுடி" என்றது ஒலிபெருக்கி, அக்காவின் குரலில்.

நான் ஏற்றியிருந்தது பாட்டை அல்ல, அழிக்கப்படாத மூலப் பதிவை. வாயில்லாப் பூச்சியான எனக்கு ஒரு இரகசியத் திறமை உண்டு: பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பதால் பிறர் குரல்கள் எனக்குள் அச்சாகிவிடும். நிச்சயதார்த்தத்தன்று அத்தை அக்காவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்திருந்தார். அந்தக் காட்சி இப்போது என் வாய்மொழியாக நான்கு ஒலிபெருக்கிகளில் வெளிவந்தது.

"கண்ண மேல பாரும்மா... ம்ம்... ரத்தம் கம்மி. வீட்ல கீரையே பண்றதில்லியா? கல்யாணம் கெடக்கட்டும், மொதல்ல பூச்சி மாத்திர போடணும். மாப்ள ஓடிப்போய்ட மாட்டான், அவனுக்கும் போட்டுத்தான் வச்சிருக்கேன்!"

"ஐயோ, அப்டியே இருக்குடி!" என்று அக்காவின் சிரிப்பு.

"சிரிக்காதீங்க, ரெக்கார்டு ஆவுது" என்று டேனியல் அண்ணன்.

நிறுத்து என்று மூளை ஆணையிட்டது. விரல் கேட்கவில்லை. போதகர் பிரசங்க பீடத்தைப் பிடித்துக்கொண்டு கூரையை ஆராய்ந்தார். பூச்சி மாத்திரை போட்டுக்கொண்டதாக அறிவிக்கப்பட்ட மாப்பிள்ளை தம் காலணிகளையே பார்த்தார். நடைபாதையின் நடுவில் நின்றுவிட்ட அக்காவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள், அவள் வாழ்வை ஆரம்பிக்குமுன்பே முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஓடிவந்த மைக்செட்காரர் மின்கம்பியைப் பிடுங்கினார். அந்த நிசப்தம் பதிவைவிடக் கொடுமையாக இருந்தது.

அத்தை முதல் வரிசையிலிருந்து வெளியே வந்தார். மெதுவாகத் திரும்பினார்.

"ஆர்கன் மாஸ்டர், இன்னா பாத்துட்டு இருக்கீங்க? பொண்ணு நடுவுல நிக்குது. வாசிங்க!" என்றார்.

ஆர்கன் ஒலித்தது. அக்கா நடந்தாள். என்னைக் கடந்தபோதுதான் பார்த்தேன், அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் நடந்தது. பிரியாணிப் பந்தி தொடங்கியதும் நான் சாமான் அறைக்குள் போய் அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். கதவைத் திறந்து அத்தை வந்தார்.

"பேசுனது நீதானே?"

தலையசைத்தேன்.

"மன்னிச்சிடுங்க அத்தை" என்று சொல்ல முயன்றேன். காற்றுதான் வந்தது.

"முப்பது வருஷம் வார்டு பாத்தேன். பின்னாடி எல்லாரும் என்ன மாதிரியே பேசிக் காட்டிச் சிரிப்பாளுங்கன்னு தெரியும். ஒருத்திகூட என் காதுல விழுற மாதிரிப் பேசுனதில்ல. எப்டி இருக்கும்னு கேக்க எனக்கு ரொம்ப ஆசை" என்றார். பிறகு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொதல்லருந்து பண்ணு" என்றார்.

ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். டேனியல் அண்ணன் முதல் மென்பொருளுக்கே திரும்பிவிட்டார். என்னிடம் எதற்கும் ஆலோசனை கேட்பதில்லை. ஆனால் கிறிஸ்துமஸ், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எது நடந்தாலும் சாப்பாடு முடிந்ததும் கூடத்தின் நடுவில் எனக்கொரு நாற்காலி விழும். நான் பேசிக் காட்ட, அத்தை பக்கத்திலிருந்து திருத்துவார்: "ரத்தம் கம்மின்னு அவ்ளோ சாதுவாவா சொல்வேன்? இன்னும் அதட்டு!" சென்ற கிறிஸ்துமஸுக்குத் தம்மோடு வேலை பார்த்த நர்ஸுகள் ஆறு பேரை இதற்காகவே வேலூரிலிருந்து அழைத்து வந்திருந்தார். என்னை அவர்களுக்கு இப்படி அறிமுகப்படுத்தினார்:

"எங்க கிரேஸோட தங்கச்சி. ரொம்ப அமைதி, வாயே தொறக்கமாட்டா. பேசணும்னா நானாத்தான் பேசுவா."