சத்தமில்லாமல் வந்ததும் மேளத்தோடு வந்ததும்

எனக்குப் பக்கவாதம் வந்துபோயிருக்கிறது. எப்போது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஒரு தடவை மட்டும் இல்லையாம், இரண்டு மூன்று தடவை வந்துவிட்டுப் போயிருக்கிறதாம். எங்கள் ராயபுரத்தில் கேஸ் சிலிண்டர் போட வருகிறவர்கூடக் கதவைத் தட்டி ஒரு குரல் கொடுப்பார். இதற்கு அந்த மரியாதைகூட இல்லை.

நான் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன் ஆபரேட்டர். ஒருநாள் ஷிப்ட் முடிந்து ஏணியில் இறங்கும்போது ஒரு இரும்புக் கம்பியில் தலையை இடித்துக்கொண்டேன். (வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குனிந்து தாண்டுகிற அதே கம்பிதான்.) நாலு தையல் போட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கேன் எடுத்தார்கள்.

"அடிபட்டதுல ஒண்ணும் இல்ல. ஆனா..." என்று சொல்லி டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். டாக்டர்கள் பேனாவைக் கீழே வைத்தால் நமக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

மூளைக்குள் பொடிப்பொடியான ரத்தக்குழாய்கள் அடைத்து, அங்கங்கே கொஞ்சம் கொஞ்சம் செத்துப்போயிருக்கிறதாம். எல்லாம் பழைய தழும்புகள். வாய் கோணாமல், கை கால் இழுக்காமல் வந்துபோவதால் அதற்கு சைலன்ட் ஸ்ட்ரோக் என்று பெயராம். பிரஷரைக் கவனிக்காமல் விட்டதால் வந்திருக்கும், இப்படியே விட்டால் அடுத்தது சைலன்ட்டாக வராது என்றார். மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் கிரேன் ஏறலாமா என்று சொல்வேன் என்று முடித்தார்.

அவர் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம்தான் என் காதில் ஏறியது. தரையில் நான் ஒன்றுக்கும் உதவாத ஆள். வீட்டில் ஒரு ஆணி அடித்தால் சுவர் பெயர்ந்து வரும். ஆனால் மேலே அந்தக் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்துவிட்டால் நான் ராஜா. அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. துறைமுக யார்டில் கேட்டவர்களிடம் "சும்மா தையலு, லீவு" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

என் மனைவி ஸ்டெல்லாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் என் அக்கா பிலோமினாவிடம் மட்டும் சொன்னாள். அக்காவின் காதில் "ஸ்ட்ரோக்" மட்டும் விழுந்தது, "சைலன்ட்" விழவில்லை. மறுநாள் சாயங்காலமே கோயிலிலிருந்து ஃபாதரையும், தெருவில் கூடி ஜெபம் சொல்லும் அன்பியத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். நோயாளிகளுக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது எங்கள் வழக்கம். எந்த நோயாளிக்கும் பூசலாம். ஆனால் பழைய ஆட்கள் இன்னும் அதை 'அவஸ்தை' என்றுதான் சொல்வார்கள், அநேகமாக மூச்சு இழுக்கும்போதுதான் ஃபாதரைக் கூப்பிடுவார்கள்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் கீறேன்."

"எங்க மாமியாரும் அப்டித்தான் சொல்லிக்கினே போனாங்க. படுடா!"

"உட்கார்ந்துகிட்டே பூசிக்கலாம்மா" என்றார் ஃபாதர்.

"நீங்க சும்மா இருங்க ஃபாதர். அவன் சின்ன வயசுலேர்ந்தே பேச்சு கேக்க மாட்டான்."

வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டு ஹாலில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். கட்டில் போட்ட பிறகு மெழுகுவத்தி வைக்கத் தலைமாட்டைத் தவிர இடமில்லை, அங்கேயே இரண்டை ஏற்றினார்கள். ஜெபமாலை ஆரம்பித்தது. அன்பியத்துப் பெண்களில் இரண்டு பேருக்குக் கண்ணீர் தாராளம், இன்னார் இனியார் என்று பார்க்க மாட்டார்கள். நானோ அலுப்பில் கண்ணை மூடினேன். ஃபாதர் நெற்றியில் எண்ணெய் தொட்டபோது நான் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் குமரேசன் ஒரு பை சாத்துக்குடியோடு என்னைப் பார்க்க வந்திருக்கிறார். வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். தலைமாட்டில் மெழுகுவத்தி, வெள்ளை வேட்டி, திறந்த வாய், ஃபாதர், அழுகை. நல்ல மனுஷர், ஜெபத்தைக் கலைக்க மனசில்லாமல் சாத்துக்குடியை வாசலிலேயே வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு எழுந்து, உப்பில்லாத சங்கரா மீனைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் சாவு மேளம் கேட்டது. நம் தெருவில் நமக்குத் தெரியாமல் சாவா என்று, எச்சில் கையோடு வெளியே வந்து மேளக்காரரிடம் கேட்டேன்.

"யார் வூட்ல சாவு?"

"கிரேன் சேவியர் அண்ணன் வூட்ல. தெரியாதா உனக்கு? ரொம்ப நல்ல மனுசனாம்பா, பாவம்."

என்னை ஒருவர் நல்ல மனுசன் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். மறுக்க மனசு வரவில்லை.

பின்னாலேயே இரண்டு ஷேர் ஆட்டோவில் யார்டே வந்து இறங்கியது. முன்னால் குமரேசன், தோளில் ஆளுயர ரோஜா மாலை. என்னைப் பார்த்தார். சங்கரா ஒட்டிய கையைப் பார்த்தார். அப்படியே ஆட்டோவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிஷம் அவருக்குத்தான் ஸ்ட்ரோக் வந்துவிட்டதோ என்று பயந்தோம்.

"யோவ், உயிரோட கீறியா நீ?"

"கீறேன் சார். மன்னிச்சுக்கோங்க." (எதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.)

சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குள் கொண்டுபோகவும் கூடாது, கடையில் திருப்பித் தரவும் முடியாது. கடைசியில் அது தெருவிளக்குக் கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேளக்காரர்கள் வந்ததற்கு நான் பிழைத்ததைக் கொண்டாடி ஒரு ரவுண்டு அடித்தார்கள், யார்டுப் பையன்கள் ஆடினார்கள். இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மேளச் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்த அக்கா, நடுத்தெருவில் நின்று எல்லோருக்கும் விளக்கம் கொடுத்தாள்.

"மூளைக்குள்ள ஓட்டை ஓட்டையா கீதாம்பா! ஸ்கேன்ல அப்டியே தெரியுதாம்!"

மேளம் நின்றது. குமரேசன் முகத்தில் சிரிப்பு போயிற்று. அவர் சூப்பர்வைசராக மாறியதைக் கண்ணால் பார்த்தேன். டாக்டர் லெட்டர் இல்லாமல் ஏணிப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார்.

ஆக, எல்லாம் அந்த லெட்டரில் வந்து நின்றது. இரண்டு வாரம் கழித்து ஸ்டெல்லாவோடு போனேன். டாக்டர் கேட்டார், "மறதி, தடுமாற்றம், கோபம், பேச்சுல தாமதம், ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். கல்லு மாதிரி கீறேன்" என்றேன். சொல்லிக்கொண்டே மேஜைக்கு அடியில் ஸ்டெல்லாவின் காலை மிதித்தேன்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"கீது டாக்டர். ரெண்டு வருசமா கீது. ஒண்ணு கேட்டா செவுத்தப் பாத்துக்கினே நிப்பாரு, பதிலு வர்றதுக்குள்ள கொழம்பு கொதிச்சிடும். பட்டன மாத்திப் போட்டுக்கினு வேலைக்குப் போவாரு. சும்மா சும்மா எரிஞ்சு வுழுவாரு. முன்ன இப்டியில்ல. என்னப் புடிக்காமப் பூட்ச்சோன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. வார்த்தை வர நேரமாயிற்று. டாக்டர் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் அதனாலயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஆனா கிரேன் வேணாம்" என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கத்தினேன். "வாய மூடிக்கினு இருந்தா ஏறியிருப்பேன்ல?"

"ஏறியிருப்ப. கீழ நிக்கிறவன் தலைமேல பொட்டியப் போட்டுட்டீன்னா, அவன் பொண்டாட்டிக்கு நா இன்னா பதில் சொல்றது?"

அதற்கு என் பதில் தாமதமாகக்கூட வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவளே முணுமுணுத்தாள்: "ரெண்டு வருசம் தண்டமா அழுதுக்கினு இருந்துட்டேன்."

இப்போது நான் கீழே, யார்டு கேட்டில் வண்டி நம்பர் சரிபார்க்கிறேன். வெயில், தூசி, ஹாரன். அண்ணாந்து பார்த்தால் என் கேபினில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். கழுத்து வலிக்கிறது, பார்ப்பதையும் குறைத்துவிட்டேன். யார்டில் என் பெயர் இப்போது 'மாலை சேவியர்'.

வீட்டில் நான் பதில் சொல்லாமல் நின்றால் ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்துக் கேட்பாள்: "ஸ்ட்ரோக்கா, திமிரா?" பிள்ளைகளும் கேட்கிறார்கள், அக்கா போனில் கேட்கிறாள், போன ஞாயிறு பூசை முடிந்து ஃபாதரும் கேட்டார். ஸ்ட்ரோக் என்றால் டீ வரும், திமிர் என்றால் நானே போட்டுக்கொள்ள வேண்டும். சத்தியமாக எது எது என்று எனக்கே தெரியாது. யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, நேரமாகிறது. முன்பெல்லாம் அவள் அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். இப்போது நிற்கிறாள்.