வேலிக்கு அந்தப் பக்கம் போன சூரியகாந்தி

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு, தம்பி லைல் எழுதிக்கொள்வது. அயோவாவில் மழை உண்டு, சோளம் நன்றாக நிற்கிறது. நான் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அங்கே நீயும் அத்தானும் உங்கள் முழங்கால்களும் சுகமா?

மூன்று வருஷம் முன்பு ஈஸ்டருக்கு வந்தபோது ஐஸ்கிரீம் டப்பாவில் சூரியகாந்தி வேர் ஒன்று கொடுத்தாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். "நம்ம மண்ணுச் செடிடா, நட்டுட்டு மறந்துடு, வருஷா வருஷம் தானா வரும்" என்றாய். வேர் ஓடாமலிருக்க, அடியை அறுத்த வாளிக்குள் வைத்துப் புதைக்கவும் சொன்னாய். நல்ல வாளியை அறுக்க மனசு வராமல் வெறும் மண்ணில் வேலியோரம் நட்டுவிட்டேன். முதல் வருஷம் முழங்கால் உயரம்தான். இந்த வருஷம் கூரையை எட்டிப்பார்க்கிறது, மண்ணுக்கடியிலேயே ஓடிப்போய் பக்கத்து வீட்டு டெல்மர் தோட்டத்திலும் காடாய் நிற்கிறது, அந்த நிழலில் அவர் தக்காளி செப்டம்பரிலும் பழுக்கவில்லை. போன வாரக் காற்றில் எல்லாம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டன. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கயிறு கட்டினார். நான் சமையலறை ஜன்னலுக்குக் கீழே தரையில் ஒளிந்துகொண்டேன், அப்புறம் எழுந்திருக்க நாற்காலியைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் தபால்பெட்டியருகே அவரிடம் மாட்டிக்கொண்டேன். அவர் செடியை அண்ணாந்து பார்த்து, "கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு, லைல்" என்றார். நம்ம ஊரில் இதற்கு மேல் வசவு கிடையாது. சித்தப்பா தன் மாட்டுக்கொட்டகையைத் தானே கொளுத்திக்கொண்டபோதுகூட ஊர் அவ்வளவுதான் சொன்னது.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைச் சீட்டாட்டத்துக்கு நான் போகவில்லை. என் வீட்டுக்காரி ஜோன் போய்ச் சேர்ந்த பிறகு என்னோடு உட்கார டெல்மர் ஒருத்தர்தான், அவரையும் ஒரு வாளிக்காக இழந்துவிட்டேன் அக்கா. வெட்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை. சர்ச்சிலும் ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்ப்பதில்லை, எல்லாரும் குனிந்து பாட்டுப் புத்தகத்தையே பார்க்கிறார்கள். மண்வெட்டியோடு உடனே வந்து இதை வேரோடு பிடுங்கு, இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிடுவேன். அத்தானுக்கு என் அன்பு. கர்த்தர் உங்களைக் காக்கட்டும், என்னையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி லைல்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் டெல்மர் பச்சைத் தக்காளி ஊறுகாயோடு வந்து, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "மனசுல வெச்சுக்காத லைல். என் செடிதான் உன் பக்கம் வந்து இந்த அட்டகாசம் பண்ணுது. வாளிக்குள்ள வைன்னு சொல்லித்தான் உங்க அக்கா அந்த ஈஸ்டருக்கு எனக்கு ஒரு வேர் குடுத்தாங்க, நான்தான் கேக்கல" என்றார். பரவாயில்லை என்று பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன். ஊறுகாய் அருமை. வியாழக்கிழமை சீட்டுக்குப் போகிறேன், நீ வர வேண்டாம். ஒன்று மட்டும் சொல், அந்த ஈஸ்டருக்கு சர்ச்சில் யார் யாருக்கு டப்பா கொடுத்தாய்?