ஐம்பதும் இருபத்தொன்பதும் ஒரே ஆசிட்

புதூர்நாடு
14.6.1979

பட்டாளத்தில் இருக்கும் மாப்பிள்ளை தங்கவேல் அவர்களுக்கு மாமனார் லட்சுமணன் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம். நேற்றுப் பகல் பன்னிரண்டரை மணியிலிருந்து ஒரு ஆள் கூடுதலாகவும் சுகம். பெண் குழந்தை. மகள் பாஞ்சாலை நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே எழுதிவிட்டேன், இனி நீங்கள் பயப்படாமல் படிக்கலாம்.

பிரசவத்துக்கு அவளைத் திருப்பத்தூர் கொண்டுபோக வேண்டுமே என்று நம் ஜீப்புக்குப் புது பேட்டரி வாங்கினேன். ஆசிட் ஊற்றினால்தான் அதற்கு உயிர் வருமாம். மெக்கானிக் '1250 ஆசிட்' என்று சீட்டு கொடுத்தான். வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் ஆசிட் கலக்கும் என் சிநேகிதர் மக்பூல் பாயிடம் காட்டினேன். அவர் ஆசிட்டின் கனம் அளக்கும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்துக் கலந்து, கேன்மேல் '50' என்று எழுதிக் கொடுத்தார். கேட்டது ஆயிரத்து இருநூற்றைம்பது, வந்தது ஐம்பது! "இன்னா பாய், தண்ணிய என் தலையில கட்டுறியா?" என்று கத்திவிட்டேன். "நீங்க கேட்டது இதாங்க" என்றார் பாவம். நான் காதில் வாங்கவில்லை. மலையேறி வந்து பள்ளிக்கூட சயின்ஸ் வாத்தியார் அர்ச்சுனனிடம் கேனைக் கொடுத்தேன். அவருடைய குழாய் 29 காட்டியது. அடிவாரத்திலிருந்து வருவதற்குள் இருபத்தொன்று காணோம்! கேனோ பஸ்ஸில் என் மடியைவிட்டு இறங்கவே இல்லை. இந்தத் தண்ணீரை ஊற்றிப் பேட்டரி பாழானால் என்ன செய்வது என்று ஊற்றாமலே வைத்துவிட்டேன்.

நேற்றுக் காலை பாஞ்சாலைக்கு வலி எடுத்துவிட்டது. உங்கள் மாமியார் ராணியம்மாள், "பொண்ணு துடிச்சிக்கினு கீறா, நீ இன்னாய்யா நெம்பர பாத்துக்கினு குந்திகினு கீற? ஊத்துய்யா!" என்று அலறினாள். அந்த நேரம் அர்ச்சுனன் கையில் சாக்பீஸோடு ஓடி வந்தார். "அண்ணே, மூணும் ஒரே ஆசிட்தாங்க! அளவுதான் வேற வேற! அம்பதை எரநூறால வகுத்து ஒண்ணு கூட்டுங்க, ஒன்னேகால், தண்ணியப்போல ஒன்னேகால் மடங்கு கனம். நூத்திநாப்பத்தஞ்சுல இருபத்தொம்பதைக் கழிச்சு, மீதியால நூத்திநாப்பத்தஞ்சை வகுங்க, அதுவும் ஒன்னேகால். மெக்கானிக்கு அதையே ஆயிரத்தால பெருக்கிச் சொல்றான்!" வகுத்துப் பார்க்க எனக்கு நேரமேது? ஊற்றினேன். அரை மணி ஊறட்டும் என்றார். அந்த அரை மணியில் எனக்குத் தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன், மாப்பிள்ளை. சாவியைத் திருப்பியதும் ஜீப் உறுமியது பாருங்கள், எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். நேரத்துக்குத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்துவிட்டோம்.

இன்று காலை பலாப்பழத்தோடு போய் மக்பூல் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "பேத்தி பொறந்த நேரத்துல கோவம் இன்னாத்துக்குங்க" என்று சிரித்தார். ஒரே பொருளை ஆளுக்கு ஒரு கணக்கில் அளப்பார்கள் என்று இப்போது புரிந்துவிட்டது. இனி நம்பரைப் பார்த்து யாரையும் சந்தேகப்படுவதில்லை என்று பேத்தி தலைமேல் சத்தியம் செய்திருக்கிறேன். சீக்கிரம் லீவு வாங்கி வந்து மகளுக்குப் பெயர் வையுங்கள். நம் மலைச்சாமி உங்களை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

அன்புள்ள மாமனார்,
லட்சுமணன்

பி.கு.: இப்போதுதான் கவனித்தேன். நேற்று நர்சம்மா குழந்தையை நிறுத்து 'ஆறரை பவுண்டு' என்று என் காதுபடச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டிலோ 2.950 கிலோ என்றுதான் இருக்கிறது. பச்சைக் குழந்தையிடம் பாதிக்குமேல் காணோம்! விடமாட்டேன், கேட்கத்தான் போகிறேன். ஜீப் வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறது.