பதினோராவது நிமிடத்தில் நின்றுபோகும் மைத்துனர்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காள் கணவன் எழுதுவது. நான் நலம், உன் அக்காள் என்னைவிட நலம். நலமில்லாதது கம்ப்யூட்டர் மட்டும்தான்.

என் பணி ஓய்வு விழாவில் அலுவலகத்தார் பரிசளித்த அதே கம்ப்யூட்டர். விழா வீடியோவை அதில் போட்டால் பதினோராவது நிமிடத்தில் நீ மைக்கைப் பிடித்து, "எங்க அத்தானைப் பத்தி ஒரு உண்மையைச் சொல்லணும்னா..." என்கிறாய். அவ்வளவுதான், திறந்த வாயோடு அப்படியே நின்றுபோகிறாய், மவுஸ் நகராது, எந்தப் பட்டனுக்கும் அசையாது, அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். நீ பேசியபோது நான் மேடையில் இல்லை, மண்டபத்து மின்விசிறி ஏன் கிரீச்சிடுகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். அப்படி என்னதான் சொன்னாய்? உன் அக்காளைக் கேட்டால், "அவன் வாயாலேயே கேட்டுக்கோங்க" என்று சிரிக்கிறாள். போன் போட்டால் நீயும் சிரிக்கிறாய்.

படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருளில்தான் கோளாறு என்று இணையத்தில் படித்தேன். புதிய டிரைவரைப் போட்டேன், அதே இடம். பழையதைப் போட்டேன், அதே இடம், ஆனால் நீ நீலமாகிவிட்டாய். சூடாகிறதோ என்று பெட்டியைத் திறந்து, தூசி ஊதி, கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டினால் மூன்று திருகாணி மிச்சம். மற்ற வீடியோவெல்லாம் ஜோரா ஓடுது, உன் வாய் மட்டும் மூட மாட்டேங்குது, அது ஏன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குச் சோறு இறங்கலை.

முப்பது வருஷ உறவு. நல்லதாச் சொல்லியிருந்தா ஏன் மறைக்கணும்? மனசு வலிக்குதப்பா. நீ சொன்னது முழுவதும் எழுத்தில் வரும்வரை உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்.

கோபம் உன்னோடு மட்டும்தான். உன் மனைவி, மக்களுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து, வீடியோவைக் கிராபிக்ஸ் கார்டு ஓட்டவேண்டாம் என்று வீடியோ பிளேயரின் செட்டிங்கில் ஒரே ஒரு டிக்கை எடுத்தார். பத்து நொடி வேலை. நீ பேசினாய்: "...எதையும் கழட்டுவாரு, திரும்ப மாட்டத் தெரியாது. தயவுசெஞ்சு கழட்டுற மாதிரி எதையும் பரிசாக் குடுத்துடாதீங்க!" உன் பின்னால் ரிப்பன் கட்டிய கம்ப்யூட்டர் பெட்டி. மண்டபமே சிரிக்கிறது. அப்புறம் மெதுவாக, "ஆனா எங்க வீட்ல எது நின்னு போனாலும் முதல்ல அவரைத்தான் கூப்பிடுவேன்" என்கிறாய். அதை மட்டும் நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். உங்கள் சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்துகிறது, போன தடவையே கவனித்தேன். யாரும் தொடவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.